மார்கரெட் பர்க்-ஒயிட் அம்மையார்

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் திருநாளன்று பெருந்தேர் அசைந்து வரும் காட்சியைக் கண்டோர் அதனை எளிதில் மறவார். விண்ணுற ஓங்கிய தேரின் ஒப்பனையும், வடம் பற்றிய எண்ணிறந்த கைகளும், மக்களின் ஆரவாரமும் கண்ணையும் செவியையும் ஒருங்கே நிறைக்கின்றன. தேர் எத்துணைப் பெரிதாயினும், அதன் உருளை அச்சினின்றும் கழன்று போகாவண்ணம் காப்பது ஒரு சிறிய ஆணியே என்பதை அப்பொழுது நினைப்பார் மிகச் சிலர். உருவத்தின் சிறுமை நோக்கி எவரையும் இகழ்தல் தகாது என்று கூறப் புகுந்த திருவள்ளுவனார், அதற்கு உவமையாக இவ்வச்சாணியையே தேர்ந்துகொண்டார். புலவர் சொல்லாற் காட்டிய அவ்வுண்மையைக் காமிராவின் வாயிலாக உலகுக்குக் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இவ்விழைவு நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில திங்கள்களுக்கு முன்னர், சதுரகிரி மலையடிவாரத்திலுள்ள மகாராஜபுரத்திற்கு நண்பர் சிலருடன் சென்றிருந்தோம். ஆங்கே ஒரு தென்னந்தோப்பின் நடுவே, கிணற்றடியிலிருந்த மோட்டார்க் கொட்டகையின் வாயிலில், முதிய உழவர் ஒருவர் பழுதுற்ற பம்பைப் பிரித்து, அதன் உறுப்புக்களை ஒரு சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பியிருந்தார். போல்ட்டுகளும், நட்டுகளும், வாசர்களும், வெண்கலப் புஷ்களும், பேரிங்குகளும் எண்ணெய் பூசிய மேனியவாய் மாலை வெயிலில் மின்னின. நம்முடன் வந்த மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து அவற்றைப் படம்பிடிக்க முற்பட்டார். உழவரது கை இடையே வந்து விழவே, அதனைச் சற்று விலக்கிக்கொள்ளுமாறு வேண்டினார். முதியவர் நகைத்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டு, பழைய இரும்பைப் படமெடுத்து யாருக்குக் காட்டப் போகிறீர்கள் தம்பி என்று வினவினார். அவ்வினாவுக்கு எங்களில் எவரும் விடை கூறவில்லை. விடை தேடிப் புகுந்தபோதுதான் மார்கரெட் பர்க்-ஒயிட் அம்மையாரின் வாழ்க்கை நம் கண்முன் நின்றது.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஒயிட் அச்சு இயந்திரங்களை அமைப்பதில் வல்ல பொறியியலார். சொல்லிற் சுருங்கி, சிந்தனையில் ஆழ்ந்திருப்பவர். ஓய்வு நேரங்களிற் புகைப்படம் எடுப்பதில் விருப்பமுடையவர். தாயார் மின்னி பர்க், மக்களை அச்சமின்றி வளர்த்தல் வேண்டும் என்னும் உறுதி பூண்டவர். குழந்தைக்கு எட்டு வயதளவில், தந்தையார் அவரை ஓர் இரும்பு வார்ப்படச் சாலைக்கு அழைத்துச் சென்றார். இருண்ட கூடத்தில் உருகிய இரும்பு ஒழுக, தீப்பொறிகள் நாற்புறமும் சிதறின. அந்தக் காட்சி குழந்தையின் உள்ளத்திற் பதிந்தது. பின்னாளில் அவர் எடுத்த படங்கள் அனைத்திற்கும் அதுவே ஊற்றாயிற்று. இயந்திரம் அழகுடையது என்பதை நூல்களிற் கற்கும் முன்னரே தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கற்றவர் அவர்.

ஆயினும் இளமையில் அவர் விரும்பிய கல்வி வேறு. பாம்பு முதலிய ஊர்வனவற்றை ஆராய்ந்து, அயல்நாட்டுக் காடுகளுக்குச் சென்று அறிஞராக விளங்குதல் வேண்டும் என்பதே அவர்தம் கனவு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் கிளாரன்ஸ் ஒயிட் என்னும் ஆசிரியரிடம் புகைப்படக் கலையையும் கற்றார். தாயார் 20 டாலருக்கு ஒரு பழைய காமிராவை வாங்கித் தந்தார். அதன் வில்லையில் ஒரு விரிசல் இருந்தது. 1922-இல் தந்தையார் காலமானார். அதன்பின் அம்மையார் பல கல்லூரிகள் மாறினார். இளவயதிற் செய்துகொண்ட திருமணம் ஓரிரு ஆண்டுகளிற் பிரிவில் முடிந்தது. இறுதியாகக் கார்னல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, கல்விச் செலவிற்காக அதன் கட்டடங்களைப் படமெடுத்து விற்று, 1927-இற் பட்டம் பெற்றார். தாயின் குடிப்பெயரையும் தந்தையின் பெயரையும் இணைத்து, பர்க்-ஒயிட் என்று தம்மை வழங்கத் தொடங்கியதும் அக்காலத்திலேயே ஆம்.

பட்டம் பெற்றவர் எரி ஏரிக்கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரிற் குடியேறினார். அந்நகரின் தாழ்நிலப் பகுதியில் எஃகு ஆலைகளும், இருப்புப்பாதைகளும், பாலங்களும், புகைபோக்கிகளும் நெருங்கியிருந்தன. நகரத்துச் செல்வர் தம் மாளிகைகளையும் பூந்தோட்டங்களையும் படமெடுக்குமாறு பணித்தனர். அம்மையாரும் பணித்தவாறே எடுத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளைக்கொண்டு, ஒருவரும் கேளாத புகைபோக்கிகளையும் பாலங்களையும் விடுமுறை நாட்களிற் படமெடுத்து வந்தார். பூந்தோட்டத்தால் வயிறு நிரம்பிற்று. இரும்பால் மனம் நிரம்பிற்று என்க.

அந்நகரின் ஓட்டிஸ் எஃகு ஆலைக்குள் நுழைய அவர் பெரிதும் விழைந்தார். பெண்ணொருத்தி உலைக்களத்துள் மயங்கி விழுவாள் என்று அஞ்சிய காலம் அது. எனினும் ஆலைத் தலைவர் இசைவளித்தார். 1927-ஆம் ஆண்டின் குளிர்காலம் தொடங்கிப் பல இரவுகள் அம்மையார் ஆலைக்குட் சென்றும், முதலிற் கிடைத்தவை கரிய தாள்களே. காரணம் யாது? அக்காலப் பிலிம் நீல ஒளியை எளிதில் ஏற்கும். செவ்வொளியை ஏற்பது அரிது. உருகிய எஃகு நம் கண்ணுக்குப் பேரொளிப் பிழம்பாகத் தோன்றினும், பிலிமுக்கு அஃது ஏறக்குறைய இருளே. அருகே சென்றாலோ, வெப்பத்தால் காமிராவின் மேற்பூச்சுக் கொப்புளித்தது. பின்னர், வெண்ணிறமாக எரியும் மக்னீசியத் தீவட்டிகள் தற்செயலாகக் கிடைத்தன. அவற்றை ஏற்றியபோதுதான் வார்க்கும் கலமும், ஒழுகும் எஃகும், பறக்கும் பொறிகளும் பிலிமிற் பதிந்தன. ஆலைத் தலைவர் அப்படங்களுட் சிலவற்றைத் தேர்ந்து, படம் ஒன்றுக்கு 100 டாலர் கொடுத்து வாங்கினார். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காமிராவுக்குத் தெரிவதில்லை. அதனைத் தெரியச் செய்வதே கலைஞரின் உழைப்பு என்பதை அம்மையார் அவ்விரவுகளிற் கற்றார்.

இப்படங்கள் நியூயார்க்கில் இருந்த பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ் என்பாரின் கண்ணிற் பட்டன. தொழிலுலகைப் பற்றியே பேசும் ஃபார்ச்சூன் என்னும் திங்கள் இதழைத் தொடங்க அவர் அப்பொழுது முயன்றுகொண்டிருந்தார். 1929-ஆம் ஆண்டு அம்மையாரைத் தந்தி கொடுத்து அழைத்துக்கொண்டார். இதழ் 1930 பிப்ரவரியில் வெளிவரலாயிற்று. இதற்கிடையே நிகழ்ந்த ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. 1929 அக்டோபரில், அம்மையார் பாஸ்டன் நகரிலுள்ள ஒரு பெரிய பாங்கியின் உட்கூடத்தை இரவில் படமெடுத்துக்கொண்டிருந்தார். பாங்கியின் அதிகாரிகள் இங்குமங்கும் விரைந்தோடி, படத்தின் குறுக்கே வந்து வந்து போயினர். தம் வேலை கெடுகின்றதே என்று அம்மையார் சினந்தார். அமெரிக்காவின் பங்குச் சந்தை வீழ்ந்து, இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு சரியத் தொடங்கிய நேரம் அது என்பது அவருக்குத் தெரியாது. கூடத்தின் அமைப்பு அவர் கண்ணிற் பட்டது. ஓடிய மாந்தரின் கலக்கம் படவில்லை. இதனைக் குறையாகச் சொல்வதினும், அவர் தொடங்கிய இடத்தைக் காட்டும் அடையாளமாகக் கொள்வதே பொருந்தும்.

நிற்க. இவ்வம்மையாரின் தனிச் சிறப்பு, பெரிய ஆலைகளைப் படமெடுத்ததனால் மட்டும் அமைந்ததன்று; ஆலையிற் கிடக்கும் சிறு பொருள்களை அவர் கண்ட முறையால் அமைந்தது. இந்தியானா மாநிலத்துச் சௌத் பெண்ட் நகரில் ஆலிவர் கலப்பைத் தொழிற்சாலை இருந்தது. அங்கே அடுக்கி வைத்திருந்த கொழுமுனைகளை 1930-ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்த படம் பெரும் புகழ் வாய்ந்தது. உழவனுக்குக் கொழு என்பது மண்ணைக் கீறும் ஓர் இரும்பு, அவ்வளவே. அம்மையாரோ, ஒன்றன்பின் ஒன்றாக நின்ற கொழுக்களை மிக அணுகி நின்று நோக்கினார். தரையும் சுவரும் கூரையும் சட்டத்துக்கு அப்பால் ஒதுங்கின. வளைந்த விளிம்புகள் மட்டும் எஞ்சி, கடலலைகள் வரிசையாக எழுந்து வருவது போலத் தோன்றின. அலுமினியத் தொழிற்சாலையொன்றில் சுருட்டி வைத்த கம்பிக் கோல்களும் அவ்வாறே அவர் கையில் உருமாறின.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிய விரும்பும் மாணவர்க்குச் சில கூறுவோம். முதலாவது, அணுகுதல். பொருளைச் சட்டம் நிறையக் காணுங்கால் அதன் பயன் மறைந்து வடிவம் வெளிப்படுகின்றது. அளவை ஒப்பிட அருகில் வேறொன்றும் இல்லாமையால், விரலளவு ஆணியும் தூண்போல் நிற்கும். இரண்டாவது, அடுக்கு. ஒரு நட்டு வெறும் நட்டே. நூறு நட்டுகள் ஒரே முகமாக வரிசைப்படின், கோலத்தின் புள்ளிகள் போல ஒரு தாளம் பிறக்கும். மூன்றாவது, ஒளி. நேர்முகமாக விழும் ஒளி உலோகத்தைத் தட்டையாக்கும். பக்கத்தினின்றும் சாய்ந்து விழும் ஒளியோ திருகின் புரிகளையும், வளைவின் சரிவையும், தேய்வின் கோடுகளையும் வேறு பிரித்துக் காட்டும். பளபளப்பான உலோகம் கண்ணாடியை ஒத்தது. எதிரிலுள்ள விளக்கின் உருவையே திருப்பிக் காட்டும். ஆதலின் விளக்கைச் சற்று விலக்கி வைப்பதும், ஒளியை வெள்ளைத் துணியிலோ சுவரிலோ பட்டுத் திரும்புமாறு அமைப்பதும் நலம். இவற்றுக்கெல்லாம் வேண்டுவது விலையுயர்ந்த காமிரா அன்று, பொறுமையே.

சிறியதைப் பெரியதாகக் காட்டும் இக்கலையின் உச்சத்தை அம்மையார் 1933-ஆம் ஆண்டளவில் எய்தினார். நியூயார்க்கில் ராக்கபெல்லர் நிலையத்திலமைந்த என்.பி.சி. வானொலி நிறுவனத்தின் வட்டக் கூடத்திற்கு ஒரு சுவர்ப்படம் செய்யும் பணி அவர்பால் வந்தது. அதன் நீளம் 160 அடி. மலைகளையோ மன்னர்களையோ அவர் அதில் தீட்டவில்லை. வானொலிக் கருவியின் வால்வுகள், ஒலிவாங்கிகள், அலைபரப்பும் பொறியின் உறுப்புக்கள் முதலியவற்றைப் படமெடுத்து, ஆள் உயரத்தினும் மிகப் பெருக்கிச் சுவர் முழுதும் பரப்பினார். கையிலடங்கும் ஒரு கண்ணாடி வால்வு கோபுரம்போல் நிற்க, அதன் அடியில் மக்கள் நடந்து சென்றனர். பின்னாளில் அச்சுவர்ப்படம் அகற்றப்பட்டதாயினும், அதன் புகழ் அகலவில்லை.

இத்துறையில் அம்மையார் தனித்து நின்றவர் அல்லர். செருமானிய நாட்டில் ஆல்பெர்ட் ரெங்கர்-பாட்ஸ் என்பார், பாதரட்சை செய்யும் தொழிலுக்குரிய இரும்புக் கருவிகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தாலும், 1928-இல் வெளியிட்ட தொகுப்பு நூலாலும் பெயர் பெற்றார். நம் நாட்டில், 1926-இற் பிறந்து 1985-இல் மறைந்த மித்தர் பேடி என்பார், விடுதலைக்குப் பின் எழுந்த ஆலைகளையும் அணுமின் நிலையத்தையும் குழாய்களையும் கொதிகலங்களையும் கலைநயம் தோன்றப் படமெடுத்து, இந்தியத் தொழிற்புகைப்படக் கலைக்கு முன்னோடியாக மதிக்கப்படுகின்றார். எனினும், இரும்பின் அழகிலிருந்து புறப்பட்டு, அதனைச் செய்த கையைத் தேடிச் சென்ற பயணம் பர்க்-ஒயிட் அம்மையாரின் வாழ்விற்போல் வேறெவர் வாழ்விலும் அத்துணைத் தெளிவாக நமக்குப் புலப்படவில்லை.

அக்கொழுக்களின் படத்தை மீண்டும் ஒருகால் நோக்குக. அதில் மனிதர் எவரும் இல்லை. கொழுவை வார்த்தவர் இல்லை, தீட்டியவர் இல்லை, அதனைக்கொண்டு உழப்போகும் குடியானவரும் இல்லை. படம் வெளிவந்த காலத்திலோ அமெரிக்க நாடெங்கும் வேலையின்மை பரவி, ஆலை வாயில்களில் ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தனர். 1930-இல் அம்மையார் சோவியத் நாட்டிற்கும் சென்று, அங்கெழுந்த புதிய ஆலைகளைப் படமெடுத்து, மறு ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். ஆங்கும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை பெரும்பாலும் இயந்திரங்களே. இரும்பை இத்துணை அன்புடன் நோக்கிய கண் மனிதரை நோக்க இன்னும் பழகவில்லை.

பழக்கியது ஒரு பஞ்சம். 1934-இல் அமெரிக்காவின் நடுச் சமவெளி மழையின்றி வறண்டு, உழுத மண் புழுதிப் புயலாக எழுந்து வானை மூடிற்று. ஃபார்ச்சூன் இதழின் பொருட்டு அம்மையார் ஒரு சிறு விமானத்தில் ஏறி, டக்கோட்டா நிலப்பகுதி தொடங்கி டெக்சாஸ் வரை அவ்வறட்சியைக் கண்டார். மடிந்த கால்நடைகளையும், புழுதியிற் புதைந்த வேலிகளையும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாளா அமர்ந்திருந்த உழவர்களையும் கண்டார். ஆலையில் அலைபோல் தோன்றிய கொழு, ஈண்டு மண்ணிற் புதைந்து கிடந்தது. அது முதல் அம்மையாரின் நோக்கு மாறிற்று. விளம்பரங்களுக்காகப் படமெடுத்துப் பெரும்பொருள் ஈட்டிவந்தவர், அத்தொழிலினின்றும் மெல்ல விலகலானார்.

1936 நவம்பர் 23-ஆம் நாள் லைஃப் என்னும் பட வார இதழ் பிறந்தது. அதன் முதல் அட்டையை அணிசெய்தது, மான்டானா மாநிலத்தில் எழுந்துகொண்டிருந்த போர்ட் பெக் அணையைப் பற்றிய அம்மையாரின் படமே. அட்டையில் அணை கோட்டைபோல் நின்றது. இதழின் உள்ளேயோ, அணை வேலைக்கு வந்த தொழிலாளரின் குடிசைகளும், அவர்தம் மனைவி மக்களும், அவர்கள் மாலையிற் கூடும் கடைகளும் காட்சியளித்தன. அணையை மட்டுமே எதிர்பார்த்திருந்த ஆசிரியர் குழுவினர் அதனைக் கண்டு வியந்தனர். மறு ஆண்டில் லூயிவில் நகரில் வெள்ளம் வந்தபோது, உதவிப் பொருளுக்காக வரிசையில் நின்ற கறுப்பின மக்களையும், அவர்கள் தலைக்குமேல் நாட்டின் செல்வ வாழ்வைப் புகழ்ந்து நின்ற பெரிய விளம்பரப் பலகையையும் ஒரே சட்டத்துள் அடக்கினார். அடுக்கையும் வரிசையையும் இரும்பிடம் கற்ற கண் அது. இப்பொழுது அவ்வரிசையில் முகங்கள் இருந்தன.

அவர் பிழையே செய்திலர் என்று நாம் கூறவில்லை. எர்ஸ்கின் கால்டுவெல் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து, தென் மாநிலங்களிற் குத்தகைக்குப் பயிரிடும் ஏழைகளைப் பற்றி 1937-இல் ஒரு நூல் வெளியிட்டார். படங்கள் நெஞ்சை உருக்குவன. ஆயின் அவற்றின் அடியில் அம்மக்கள் பேசுவது போல அமைந்த சொற்கள் அவர்கள் பேசியவை அல்ல. ஆசிரியர் இருவரும் தாமே எழுதியவை. அதனை அவர்கள் நூலிலேயே ஒப்புக்கொண்டனர் எனினும், ஏழையின் வாயிற் பிறர் சொல்லை இடுதல் முறையோ என்று அறிஞர் பலர் வினவினர். அவ்வினா இன்றும் காமிரா ஏந்துவோர் அனைவரையும் நோக்கி நிற்கின்றது. இருவரும் 1939-இல் மணம் புரிந்து, 1942-இற் பிரிந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் அம்மையார் காட்டிய துணிவு தனியே ஒரு நூலாக விரியும். 1941-இல் செருமானிய விமானங்கள் மாஸ்கோவின்மேல் குண்டு பொழிந்தபோது அந்நகரில் இருந்து படமெடுத்தார். 1942 டிசம்பரில் அவர் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்ற கப்பல் பகைவரால் தாக்கப்பட்டு மூழ்க, மீட்புப் படகில் உயிர் தப்பினார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்ட் சிறைமுகாம் திறக்கப்பட்டபோது, அங்கே கம்பி வேலிக்குப் பின் நின்ற எலும்புருவான மனிதரைப் படமெடுத்து, நடந்த கொடுமைக்குச் சான்று படைத்தார். இரும்பும் கம்பியும் மனிதனை எதற்கெல்லாம் ஆளாக்கும் என்பதை அவர் ஆங்கே கண்டார்.

போர் முடிந்த மறு ஆண்டில், 1946-இல், அம்மையார் நம் நாட்டிற்கு வந்தார். காந்தியடிகள் அப்பொழுது பூனாவில் இயற்கை மருத்துவ நிலையமொன்றில் தங்கியிருந்தார். அடிகளைப் படமெடுக்க வேண்டும் என்று கேட்ட அம்மையாரிடம், முதலில் இராட்டையில் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடிகளின் செயலாளர் கூறினார். இதழுக்குப் படம் அனுப்ப வேண்டிய நேரம் நெருங்குகின்றது என்று அம்மையார் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. உலகின் மாபெரும் ஆலைகளைக் கண்டவர், தரையில் அமர்ந்து, வலக்கையாற் சக்கரத்தைச் சுழற்றி, இடக்கையாற் பஞ்சை இழுத்து, கதிரின் முனையில் இழை முறுக்கேறுவதைப் பழகினார். இழை அறுந்து அறுந்து போயிற்று. ஒரு கருவியைக் கண்ணாற் காணும் முன்னர்க் கையால் அறிதல் வேண்டும் என்று அவரிடம் கேட்கப்பட்டது அங்கேதான்.

அன்று அடிகளின் மௌன நாள். அறையில் ஒளி குறைவு. அடிகளுக்கு மின்னொளி ஒவ்வாமையால் மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவது ஒளிர்ந்தபோது பிறந்ததே, உலகெங்கும் பரவிய அந்தப் படம். அதனைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அடிகள் அதில் நூற்கவில்லை. தரையில் அமர்ந்து தாள்களைப் படித்துக்கொண்டிருக்கின்றார். முன்னே பெரிதாக நிற்பது இராட்டை. பின்னே சிறியவராக இருப்பவர் அடிகள். கருவி அதன் அழகோடு முன் நிற்கின்றது. அதனைச் சுழற்றும் மனிதர் அதற்குப் பொருள் தந்து பின் இருக்கின்றார். கொழுக்களின் படத்தில் இல்லாதிருந்தவர் இங்கே வந்துவிட்டார்.

1947-இல் நாடு பிரிவுற்றபோது, பஞ்சாப் வழிகளில் நடந்து சென்ற அகதிகளின் முடிவில்லா வரிசைகளை அம்மையார் படமெடுத்தார். 1948 ஜனவரி 30-ஆம் நாள், அடிகள் கொல்லப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன், அவரைக் கண்டு உரையாடினார். பின்பு 1950-ஆம் ஆண்டையொட்டித் தென்னாப்பிரிக்காவிற் பொன் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி, வியர்வையில் நனைந்த இரு தொழிலாளரைப் படமெடுத்தார். அங்கே தொழிலாளர் எண்களாலேயே குறிக்கப்பட்டனர். அப்படமும் அவ்விரு எண்களைத் தாங்கியே வழங்குகின்றது. இரும்பு உறுப்புக்கு எண்ணிடுவது போல மனிதருக்கு எண்ணிட்ட கொடுமையை, உறுப்புக்களை நன்கறிந்த அவரே காட்ட வேண்டியதாயிற்று.

இவ்வாறு கைகளைத் தேடிச் சென்றவருக்கு இறுதியில் தம் கைகளே இணங்காது போயின. 1950-களில் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் அவரைப் பற்றிற்று. விரல்கள் விறைத்தன, நடை தளர்ந்தது. தாளைக் கசக்கிப் பந்தாக்குவதும், ஈரத் துணியைப் பிழிவதும் அவர்தம் அன்றாடப் பயிற்சிகளாயின. 1959-இலும் 1961-இலும் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நோயை மறைக்காமல், தம் பயிற்சிகளையும் சிகிச்சையையும் நண்பரொருவர் படமெடுத்து லைஃப் இதழில் வெளியிட இசைந்தார். பிறரது துன்பத்தைப் படமெடுத்தவர் தம் துன்பத்தையும் படமாக்கத் தந்தமை நேர்மையாகும். 1963-இல் தன் வரலாற்று நூலை வெளியிட்டு, 1971 ஆகஸ்ட் 27-ஆம் நாள், தம் 67-ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? நம் பக்கத்தில் இரும்புக்குக் குறைவில்லை. 1936-இல் தோன்றிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து அந்நகரைச் சூழ நூற்பாலைகள் பல எழுந்தன. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் ஒலிக்கின்றன. ஆலையுள் வரிசை வரிசையாகச் சுழலும் கதிர்களும் பாபின்களும் அம்மையார் கண்டிருந்தால் மகிழ்ந்திருக்கத் தக்கவை. அவற்றின் இடையே இரவும் பகலும் நடந்து, அறுந்த இழையை ஒட்டும் பெண்டிரும் உளர். கதிரின் அழகைக் காணாதவன் கண்ணிருந்தும் பயனற்றவன். இழை ஒட்டும் விரலைக் காணாதவன் பாதியே கண்டவன்.

அண்மையில் மீண்டும் மகாராஜபுரம் சென்றோம். பம்பு பொருத்தப்பட்டு, வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பரப்பியிருந்த உறுப்புக்கள் ஒன்றும் வெளியே இல்லை. மாணவர் வந்த காரணத்தைக் கேட்ட முதியவர், கொட்டகை மாடத்திலிருந்து தேய்ந்துபோன வெண்கலப் புஷ் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்து மணல் கலந்து ஏறுவதால் அது ஒருபுறமாகத் தேய்ந்தது என்றும், அத்தேய்வைக் கொண்டே கிணற்றின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்றும் விளக்கினார். முன்பு கையை விலக்கச் சொன்ன மாணவர் இம்முறை அக்கையோடு சேர்த்தே படமெடுத்தார். சாய்ந்த வெயிலில், வெண்கலத்தின் தேய்வுக் கோடுகளும் உள்ளங்கையின் கோடுகளும் ஒன்றையொன்று ஒத்து விளங்கின. படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்த முதியவர், யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று இம்முறை கேட்கவில்லை. தமக்கு ஒரு பிரதி வேண்டும் என்று மட்டும் கூறினார்.